மூன்று மருந்துகளின் பூர்வீகம்

புற்றுநோய் என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது அதன் பின்னால் ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடுகின்றது. ஆங்கில வைத்தியமா, நாட்டு வைத்தியமா என்பதே அந்தக் கேள்வி. எனது துணைவியாருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது உறுதிசெய்யப்பட்டபோது எங்கள் வீட்டுக்கும் அது வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் அனைவரும் எங்கள்மீது மெய்யான அக்கறை கொண்டவர்கள். வன்னியிலே கைராசிக்காரரான ஒரு பரியாரியார் இருக்கின்றார் என்றார் ஒருவர். கேரளத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள் என்றார் இன்னொருவர். கனடாவிலிருந்து ஓர் உறவினர் முள்சீத்தா இலைத்தூளைப் பொதிசெய்து அனுப்பியிருந்தார். எல்லோருடைய பேச்சிலும் ஒரு வாதம் பொதுவாக இருந்தது. கீமோ என்பது இரசாயன நஞ்சு, மூலிகை என்பது இயற்கை. ஆகவே நஞ்சை விட்டு இயற்கையிடம் செல்லுங்கள் என்பதே அது.

இந்த வாதத்தை நான் எளிதாக ஒதுக்கிவிடவில்லை. எனது பாட்டனார் காலத்தில் எங்கள் ஊருக்குப் பரியாரியார் வீட்டுத் திண்ணைதான் வைத்தியசாலை. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களைப் பெருமையோடு பேசிய தலைமுறையில் வளர்ந்தவன் நான். ஆனால் பத்திரிகைத் தொழில் எனக்கு ஒரு பழக்கத்தைத் தந்திருந்தது. எந்தச் செய்தி வந்தாலும் அதன் மூலத்தைத் தேடவேண்டும். சம்பந்தம் பேசி வருபவர்களிடம் பூர்வீகம் விசாரிப்பது நம்மவர் வழக்கம். துணைவியாரின் உடலுக்குள் செல்லவிருந்த மருந்துகளின் பூர்வீகத்தையும் அவ்வாறே விசாரிக்கத் தொடங்கினேன்.

சத்திரசிகிச்சைக்குப் பின்னர் மூன்று வாரங்களுக்கு ஒரு தடவையென எட்டுத் தடவைகள் அவருக்கு மருந்தேற்றுவதென முடிவாகியிருந்தது. முதல் நான்கு தடவைகள் டொக்சோரூபிசின், சைக்குளோபொஸ்பமைட் என்னும் இரண்டு மருந்துகள். அடுத்த நான்கு தடவைகள் பக்லிடாக்ஸல். உலகெங்கும் இந்நோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டுவரும் மருந்துகள் இவை.

முதலில் சைக்குளோபொஸ்பமைட். இதன் பூர்வீகம் யுத்தம். முதலாம் உலக யுத்தத்தில் கடுகு வாயுத் தாக்குதலுக்கு உள்ளானவர்களின் குருதியில் வெண்கலங்கள் அருகிப்போவதை வைத்தியர்கள் கண்டிருந்தனர். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் யேல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் குட்மன், அல்பிரட் கில்மன் ஆகிய இருவரும் அதே குடும்பத்தைச் சேர்ந்த நைதரசன் மஸ்டர்ட் என்னும் பொருளை இரகசியமாக ஆராய்ந்துகொண்டிருந்தனர். வெண்கலங்களை அழிக்கும் பொருள், அக்கலங்கள் கட்டின்றிப் பெருகும் நோயையும் அடக்காதா என்று அவர்கள் சிந்தித்தனர். 1942 ஓகஸ்ட் 27 ஆம் திகதி, நிணநீர்ப் புற்றுநோயால் மூச்சுவிடவும் விழுங்கவும் சிரமப்பட்டுக்கொண்டிருந்த ஒரு தொழிலாளிக்கு அது முதன்முதலாக ஊசிமூலம் ஏற்றப்பட்டது. ஜே.டி. என்ற இரண்டு எழுத்துக்களால் மட்டுமே வரலாறு அவரை அறியும். கட்டிகள் கரைந்தன. ஆனால் நோய் மீண்டும் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி அவர் மரணமானார். யுத்த இரகசியம் காரணமாக 1946 இலேயே இந்த முடிவுகள் பகிரங்கமாகின.

இத்தாலியின் பாரி துறைமுகத்திலேயே கீமோ பிறந்தது என்று பல இடங்களில் எழுதப்படுகின்றது. 1943 டிசம்பர் 2 ஆம் திகதி ஜேர்மன் விமானங்கள் அத்துறைமுகத்தில் குண்டு வீசியபோது, கடுகு வாயுக் குண்டுகளை இரகசியமாக ஏற்றிவந்திருந்த ஜோன் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பல் வெடித்துச் சிதறியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் அந்த நஞ்சினால் பாதிக்கப்பட்டு வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 83 பேர் இறந்தனர். ஸ்டுவர்ட் அலெக்ஸாண்டர் என்ற இராணுவ வைத்தியர் அவர்களின் குருதி மாற்றங்களைக் கவனமாகப் பதிந்து அனுப்பிய அறிக்கை இவ்வாராய்ச்சிக்கு வலுச்சேர்த்தது உண்மை. ஆனால் யேல் நோயாளி அதற்கு ஓராண்டுக்கு முன்னரே ஊசியைப் பெற்றுவிட்டார். 1950களில் ஜேர்மனியின் ஆஸ்டா நிறுவனத்தில் நோபேர்ட் புரொக் என்பவரின் குழு, நைதரசன் மஸ்டர்ட்டின் வீரியத்தைக் கட்டிவைத்து, உடலுக்குள் ஈரலை அடைந்த பின்னரே அது விழித்தெழும் வகையில் மாற்றியமைத்தது. அதுவே சைக்குளோபொஸ்பமைட்.

இந்தக் கதையைத் துணைவியாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "ஷெல்லுக்குத் தப்பி வந்த எனக்கு, ஷெல்லுக்குள்ள இருந்த சாமானையே மருந்தெண்டு தாறாங்களோ?" என்றார்.

அடுத்தது டொக்சோரூபிசின். சிவந்த நிறமுடையது, ஏற்றிய பின் சிறுநீரும் சிவந்து போகும். இதன் பூர்வீகம் மண். பாரி நகரம் அமைந்துள்ள அதே அப்பூலியா மாகாணத்தில், 13 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பிரெடெரிக் மன்னன் கட்டிய காஸ்தெல் தெல் மொன்தே என்ற கோட்டை உண்டு. அதன் அயலில் எடுக்கப்பட்ட மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிர் செந்நிறப் பொருளொன்றைச் சுரப்பதை 1950களில் மிலான் நகரின் பார்மித்தாலியா நிறுவனத்தார் கண்டனர். அந்நுண்ணுயிரின் மாறிய வடிவமொன்றிலிருந்து பின்னர் டொக்சோரூபிசின் கிடைத்தது. அருகிலுள்ள ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் அதற்கு ஏட்ரியாமைசின் என்று பெயரிட்டனர். மருந்து இதயத்தைப் பாதிக்கின்றது என்பதும் விரைவில் தெரியவந்தது. எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்று நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து எண்ணினார்கள். ஒருவருக்கு வாழ்நாள் முழுவதிலும் எவ்வளவு கொடுக்கலாம் என்ற எல்லை அவ்வாறே வகுக்கப்பட்டது. துணைவியாருக்கு முதல் ஊசிக்கு முன்னரே இதயத்தை ஸ்கான் செய்து பார்த்ததன் காரணமும் இதுவே.

மூன்றாவதான பக்லிடாக்ஸல் ஒரு மரப்பட்டை. 1962 இல் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலக் காடொன்றில் ஆதர் பார்க்ளே என்ற தாவரவியலாளர் பசுபிக் யூ என்னும் மரத்தின் பட்டையைச் சேகரித்தார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தின் மாபெரும் தேடலில் அதுவும் ஒரு மாதிரி. அத்தேடலில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தாவரச் சாறுகள் சோதிக்கப்பட்டன. மிகப் பெரும்பாலானவை உதவாதவை என்று கழிக்கப்பட்டன. இந்தப் பட்டையிலிருந்து மருந்தைப் பிரித்து, 1971 இல் அதன் அமைப்பை வெளியிட்டவர்கள் மன்றோ வோல், மன்சுக் வாணி ஆகிய இருவர். வாணி மகாராஷ்டிர மாநிலத்தில் பிறந்தவர். 1992 இல்தான் அது மருந்தாக அங்கீகாரம் பெற்றது. காட்டிலிருந்து வைத்தியசாலைக்கு வந்துசேர 30 ஆண்டுகள்.

ஆக, நஞ்சென்று நமது நண்பர்கள் அஞ்சிய மூன்றில் ஒன்று மண்ணிலிருந்தும் மற்றொன்று மரத்திலிருந்தும் வந்தவை. எங்கள் முற்றத்துச் செடியும் இந்த வரலாற்றில் இருக்கின்றது. யாழ்ப்பாணத்தில் பட்டிப்பூ என்றும் தமிழகத்தில் நித்தியகல்யாணி என்றும் சொல்லப்படும் செடியை ஜமேக்காவில் நீரிழிவுக்குக் கசாயமாக்கிக் குடித்தார்கள். 1952 இல் அங்கிருந்து அனுப்பப்பட்ட இலைகள் கனடாவில் றொபேட் நோபிள் என்ற ஆய்வாளரை வந்தடைந்தன. அவர் எலிகளில் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை, வெண்கலங்கள் குறைந்தன. அந்தத் தடயத்தைப் பின்பற்றி அவரும் சார்ள்ஸ் பியரும் 1958 இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். அதே செடியிலிருந்து பின்னர் வந்த வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையில் தூணாக நிற்கின்றது. நீரிழிவுக்கென்று குடித்தவர்களின் நம்பிக்கை அந்தச் சோதனையில் பலிக்கவில்லை. ஆனால் சோதித்துப் பார்த்ததனாலேயே செடி தனது மெய்யான குணத்தைக் காட்டியது.

மனிதர்களின் பூர்வீகமும் இப்படியே வேலிகளைக் கடந்து செல்கின்றது. 1895 இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகத சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுமையான பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த தகுதிச் சான்றிதழையே பெற்றார். பின்னர் சென்னையின் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் கற்பித்தார். ஸ்புரூ என்னும் குடல்நோய்க்குச் சகோதரர் இருவரைப் பறிகொடுத்தவர் அவர். 1923 இல் அமெரிக்கா சென்று, காலப்போக்கில் லெடர்லே ஆய்வுகூடத்தின் ஆராய்ச்சித் தலைவரானார். போலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியதும், அதற்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரின், மெதோட்ரெக்ஸேட் ஆகியவற்றை ஆக்கியதும் அவரது குழுவே. அமினோப்டெரினைப் பெற்றுக்கொண்ட பொஸ்டன் வைத்தியர் சிட்னி பார்பர், குருதிப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து, 10 பேரிடம் தற்காலிகமான முன்னேற்றத்தைக் கண்டதாக 1948 ஜூனில் எழுதினார். மிகுதி ஆறு பேரைப் பற்றியும் எழுதினார் என்பதைக் கவனிக்கவேண்டும். அந்த ஆண்டு ஓகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

இவ்வளவையும் அறிந்த பின்னர், இயற்கைக்கும் இரசாயனத்துக்கும் நடுவே வேலி போடுவதில் பொருளில்லை என்பது எனக்குத் தெளிவாயிற்று. அப்படியானால் உண்மையான வேலி எங்கே இருக்கின்றது? அதை எனக்குக் காட்டியவர் துணைவியார்தான்.

இரண்டாவது தடவை மருந்தேற்றிய பின் அவரது வெண்கலங்களின் எண்ணிக்கை வீழ்ந்துவிட்டது. தலைமுடி முழுவதும் கொட்டிப்போயிருந்தது. சோற்றின் மணமே குமட்டியது. மூன்றாவது தடவை ஒரு வாரம் ஒத்திவைக்கப்பட்டது. நிறுத்திவிடுங்கள் என்ற குரல்கள் உரத்து ஒலித்த வாரம் அது. துணைவியாரின் விருப்பப்படியே அந்தப் பரியாரியாரிடம் சென்றோம். நல்ல மனிதர். காசு கேட்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகத் துணைவியாரின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டார். கீமோவை நிறுத்தினால்தான் தனது மருந்து பிடிக்கும் என்றார். இந்த நோயோடு எத்தனை பேர் உங்களிடம் வந்தார்கள், அவர்கள் இப்போது எப்படி இருக்கின்றார்கள் என்று துணைவியார் வினவினார். பலர் வந்திருக்கின்றார்கள், எல்லோருக்கும் சுகம், சுகமானபடியால்தான் அவர்கள் திரும்பி வரவில்லை என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. அவ்வாறே நம்பினார்.

திரும்பி வரும் வழியில் துணைவியார் வெகுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "திரும்பி வராத ஆக்கள் எங்க போனவையெண்டு அவருக்கும் தெரியாதப்பா."

திரும்பி வராதவர்கள் எங்கே போனார்கள் என்று தேடிச்சென்று எண்ணுவதா, இல்லையா என்பதே அந்த வேலி. மிலானில் ஜியான்னி பொனதோனா 1976 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். மார்பகச் சத்திரசிகிச்சை முடிந்த பெண்களுள் 179 பேருக்கு மேலதிக மருந்து கொடுக்கப்படவில்லை. 207 பேருக்குச் சைக்குளோபொஸ்பமைட், மெதோட்ரெக்ஸேட், புளோரோயூராசில் ஆகிய மூன்றும் கொடுக்கப்பட்டன. 27 மாதங்களின் பின் பார்த்தபோது, மருந்து பெறாதவர்களில் 24 சதவீதத்தினருக்கும் பெற்றவர்களில் 5.3 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியிருந்தது. அதோடு அவர்களை விட்டுவிடவில்லை. 20 ஆண்டுகள், 30 ஆண்டுகள் என அந்தப் பெண்களின் கதி பின்தொடரப்பட்டுப் பதிவாகியது. சத்திரசிகிச்சைக்குப் பின் கீமோ கொடுக்கும் வழக்கம் உலகில் நிலைபெற்றதற்கு இவ்வாறான கணக்கே காரணம்.

ஆங்கில வைத்தியத்தில் பொய்யே இல்லை என்பதல்ல நான் சொல்லவருவது. 1980களிலும் 1990களிலும் மார்பகப் புற்றுநோய்க்கு மிகக் கடுமையான அளவில் கீமோ கொடுத்து, அழிந்த என்பு மச்சையை மீண்டும் செலுத்தும் சிகிச்சை பெருமளவில் நடைபெற்றது. தென்னாபிரிக்காவின் வேர்னர் பெஸ்வொடா என்ற வைத்தியர் 1999 இல் அதற்கு ஆதரவாகப் பிரமாதமான முடிவுகளை முன்வைத்தார். மற்றைய நாடுகளின் ஆய்வுகள் பயனில்லை என்றன. எனவே 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழு ஒன்று நேரில் சென்று அவரது பதிவேடுகளைக் கேட்டது. அவர் முடிவுகளைத் திரித்திருந்ததை ஒப்புக்கொண்டார், பதவி இழந்தார். அந்தச் சிகிச்சையும் கைவிடப்பட்டது. அதற்குள் எத்தனையோ பெண்கள் வீணாக அதைத் தாங்கியிருந்தார்கள். ஆயினும் ஏடுகளைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் இருந்தபடியால் பொய் பிடிபட்டது.

மாற்று மருந்துகளையும் இதே தராசில் நிறுத்திருக்கின்றார்கள். பாதாமி விதையோடு தொடர்புடைய லேட்ரில் 1970களில் அமெரிக்காவில் பெரும் இயக்கமாகவே வளர்ந்தது. ஹொலிவூட் நடிகர் ஸ்டீவ் மக்குயின் அதையும் நம்பி மெக்சிக்கோ சென்று, 1980 இல் அந்நாட்டிலேயே இறந்தார். 178 நோயாளிகளுக்கு முறைப்படி கொடுத்துப் பார்த்து 1982 இல் வெளியிடப்பட்ட முடிவு, அதனால் பயனில்லை என்றும் சயனைட் நஞ்சேறும் ஆபத்து உண்டென்றும் காட்டியது. 2018 இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று வைத்தியத்தை மட்டும் தெரிந்தெடுத்த 281 பேரை வழமையான சிகிச்சை பெற்ற 560 பேருடன் ஒப்பிட்டனர். மரண ஆபத்து முன்னவர்களுக்கு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்.

பாரம்பரிய வைத்தியம் தராசில் ஏறி வென்ற கதையும் உண்டு. சித்தர்களின் பாஷாண வகைகளை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. 1970களின் தொடக்கத்தில் சீனாவின் ஹார்பின் நகர வைத்தியர் சாங் திங்டொங், கிராமத்து வைத்தியர் ஒருவர் புற்றுநோய்க்குக் கொடுத்துவந்த கலவையை ஆராய்ந்தார். அதில் ஆசனிக்கும் பாதரசச் சேர்வையும் தேரையின் நஞ்சும் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்ததில், பயன் தந்தது ஆசனிக் மட்டுமே என்றும், குறிப்பிட்ட ஒரு வகைக் குருதிப் புற்றுநோயிலேயே அது சிறப்பாகச் செயற்படுகின்றது என்றும் அவரது குழு கண்டது. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவும் அதை அங்கீகரித்தது. கிராமத்து வைத்தியரை இகழ்ந்திருந்தால் இந்த மருந்து கிடைத்திராது. அவர் சொன்ன அனைத்தையும் அப்படியே ஏற்றிருந்தாலும் கிடைத்திராது.

எங்கள் வீட்டு முடிவுகளையும் சொல்லிவிடுகின்றேன். செல்வச்சந்நிதிக்கு நேர்த்தி வைத்தோம். குமட்டலுக்கு இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்த நீரை வைத்தியரிடம் கேட்டே கொடுத்தேன். பஸ்பம் கலந்த மருந்துகளைத் தவிர்த்தோம். பொஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளுள் 14 இல் ஈயம், பாதரசம், ஆசனிக் போன்றவை இருந்ததாக 2004 இல் வெளியான ஆய்வு எச்சரித்திருந்தது. கீமோவின் சுமையைத் தாங்கும் ஈரலுக்கு இன்னொரு சுமை வேண்டாம் என்று எண்ணினோம். கனடாத் தூளும் அலுமாரியிலேயே கிடந்தது. குவாதலூப் தீவில் முள்சீத்தாவை மிகுதியாக உட்கொள்வோரிடையே பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் காணப்பட்டதை 1999 இலேயே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருந்தனர். மூன்றாவது மருந்தேற்றலுக்குச் செல்வது என்ற முடிவைத் துணைவியார்தான் எடுத்தார். அது அவரது உடல். எட்டுத் தடவைகளும் நிறைவேறின. இப்போது பரிசோதனைக்கு மட்டும் சென்று வருகின்றார்.

ஒன்றை மட்டும் ஆங்கில வைத்தியர்கள் சிந்திக்கவேண்டும். நமது மக்கள் பரியாரியாரைத் தேடிச் செல்வது அறியாமையால் மட்டுமல்ல. அவர் ஒரு மணித்தியாலம் கேட்கின்றார். வைத்தியசாலையில் ஐந்து நிமிடம் கிடைப்பதே அரிது. வடக்கின் நோயாளிகள் யுத்தக் காலத்திலும் அதன் பின்னரும் நெடுங்காலம் மகரகமைக்குப் பயணம் செய்யவேண்டியிருந்தது. 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து சென்றவர்கள் திரட்டிய நிதியைக் கொண்டு, 2013 இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. கட்டடம் அருகில் வந்ததுபோல் வைத்தியரின் செவியும் அருகில் வரவேண்டும்.

இந்தக் கேள்வி நாளை உங்கள் வீட்டுக்கும் வரக்கூடும். மருந்து கொண்டுவருபவர் வெள்ளை அங்கி அணிந்தவரோ திருநீறு பூசியவரோ, அவரிடம் மூன்றைக் கேளுங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? திரும்பி வராதவர்களின் பெயர்கள் உங்கள் ஏட்டில் இருக்கின்றனவா? பதில் சொல்ல முடியாதவர் நல்லவராகவும் இருக்கலாம். அவரோடு தேநீர் அருந்துங்கள்; நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை அவருக்காக நிறுத்தாதீர்கள்.